கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைகளைக் கொடுக்கப் பழக்குவது எப்படி? கேள்வி பதில்

எங்கள் சபையின் ஞாயிறு பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். டிசம்பர் பிறந்தால் பெற்றோர் கேட்கிற கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அக்கா, என் மகனுக்கு மூன்று வயதுகூட ஆகவில்லை. பொம்மையை யாராவது தொட்டாலே அழுகிறான். இந்த வயதில் கொடுக்கச் சொல்லித்தர முடியுமா?

முடியும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக உளவியலாளர்கள் 2012-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. இரண்டு வயது நிரம்பாத குழந்தைகளுக்குச் சின்ன பிஸ்கட்டுகளைத் தந்து, அவற்றை ஒரு கைப்பாவைக்குக் கொடுக்கச் சொன்னார்கள். வாங்கியபோது இருந்ததைவிடக் கொடுத்தபோது குழந்தைகள் அதிகம் மகிழ்ந்தார்கள். அதிலும், தங்கள் கிண்ணத்தில் இருந்ததையே எடுத்துக் கொடுத்தபோது முகம் இன்னும் மலர்ந்தது.

அதனால் பொம்மையைப் பிடுங்கி, ‘ஷேர் பண்ணு’ என்று அதட்ட வேண்டாம். பலகாரத்தில் ஆரம்பியுங்கள். அச்சுமுறுக்கு சுட்டு ஆறியதும், எந்தத் தட்டு எந்த வீட்டுக்கு என்று அவனே சொல்லட்டும். பெரிய தட்டை நீங்கள் எடுத்துக்கொண்டு, அவன் கையில் ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணத்தைக் கொடுங்கள். வாசலில் நின்று ‘இந்தாங்க பாட்டி’ என்று நீட்டுவது அவனாகவே இருக்கட்டும். வழியில் ஒன்றைக் கடித்துவிட்டால் திட்டாதீர்கள். வாங்குகிறவரின் முகத்தை அவன் பார்க்க வேண்டும், நமக்கு வேண்டியது அவ்வளவுதான்.

கொடுத்தால் சாக்லேட் தருகிறேன் என்று சொல்லலாமா?

வேண்டாம். ஜெர்மனியில் லைப்சிக் நகர ஆய்வாளர்கள் 2008-இல் இதைச் சோதித்தார்கள். உதவி செய்ததற்குப் பரிசு பெற்ற 20 மாதக் குழந்தைகள், பிறகு உதவுவதைக் குறைத்துக்கொண்டார்கள். பாட்டுக்கும் வசனம் ஒப்பிப்பதற்கும் பரிசு தருவது வேறு விஷயம். கொடுப்பதற்குக் கூலி பேசக் கூடாது.

‘சமர்த்தாக இருந்தால்தான் கிறிஸ்துமஸ் தாத்தா வருவார்’ என்று சொல்கிறோம். தவறா?

எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்தத் தாத்தாவுக்கு மூலமான நிக்கொலாஸ், இன்றைய துருக்கியில் உள்ள மீரா நகரின் பேராயர். வரதட்சணைக்கு வழியில்லாத மூன்று பெண்களின் வீட்டில், இரவோடு இரவாகப் பொற்காசு முடிப்பைப் போட்டுவிட்டுப் போனார் என்பது மரபுக் கதை. டிசம்பர் 6 அவர் திருநாள். அன்று இந்தக் கதையைச் சொல்லி, ‘நாமும் யாருக்காவது தெரியாமல் கொடுப்போமா?’ என்று கேட்டுப் பாருங்கள். ஐந்தாறு வயதுப் பிள்ளைகளுக்கு ரகசியம் என்றால் கொள்ளை ஆசை.

பண்டிகைக்குக் குழந்தைகள் இல்லத்துக்குக் கேக் எடுத்துப் போக நினைக்கிறோம். மகளையும் கூட்டிப்போகலாமா?

போகலாம், ஆனால் முதலில் இல்லத்துக்குப் போன் போட்டு என்ன தேவை என்று கேளுங்கள். டிசம்பர் கடைசியில் கேக் மலைபோல் குவிந்திருக்கும். நோட்டு, செருப்பு, சோப்பு, உள்ளாடை ஜனவரியில் இருக்காது. போட்டோ வேண்டவே வேண்டாம். பராமரிப்பில் உள்ள பிள்ளைகளின் அடையாளத்தை வெளியிட 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டமே தடை விதிக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், வரிசையில் நின்று கேக் வாங்கும் பிள்ளைக்கு உங்கள் மகள் வயதுதான் இருக்கும், அவளுக்கும் கூச்சம் உண்டு. ‘பாவம், இவங்களுக்கு யாருமில்லை’ என்று பிள்ளை காதுபடச் சொல்லாதீர்கள். கொடுத்த கையோடு கிளம்பாமல், அங்கே இருக்கிற பிள்ளைகளோடு ஒரு மணிநேரம் விளையாட விடுங்கள். முடிந்தால் ஜூனில் பள்ளி திறக்கும்போது மறுபடியும் போங்கள்.

பழைய துணி கொடுக்கலாமா?

துவைத்து, பட்டன் தைத்து, உங்கள் பிள்ளை நாளைக்குப் போடக்கூடிய நிலையில் இருந்தால் கொடுங்கள். மற்றது கரித்துணிக்கு.

எட்டு வயது மகனுக்கு உண்டியலில் நூற்றைம்பது ரூபாய்தான் இருக்கிறது. நான் பணம் போட்டுப் பெரிய பரிசாக வாங்கலாமா, டீச்சர்?

நீங்கள் போட்டால் அது உங்கள் பரிசாகிவிடும். காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு போட்ட விதவையின் கதை மாற்கு 12-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது, அவனுக்கு அதை வாசித்துக் காட்டுங்கள். தொகையை அவனே முடிவு செய்யட்டும். உங்கள் தெருவில் குப்பை வண்டியோடு வரும் அக்காவுக்கு ஐம்பது ரூபாயில் கையுறை வாங்கித் தர நினைத்தால், கடைக்குக் கூட்டிப்போங்கள். மீதி நூறு ரூபாயில் பட்டாசு வாங்கினாலும் முகம் சுளிக்காதீர்கள்.