சோளிங்கர் மலைக்கு அம்மாவையும் அழைத்துப் போங்கள்

தண்டையார்பேட்டையிலிருந்து பன்னிரண்டு பேர் சோளிங்கர் போகிறோம், அம்மாவுக்கு மூட்டுவலி, வீட்டில் விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். விடாதீர்கள். நரசிம்மர் இருக்கும் பெரிய மலைக்கு 1,305 படி. அம்மாவோடு ஒருவர் ரோப் காரில் போகட்டும். அது ஓடுகிறதா என்று முந்தின நாளே விசாரித்துவிடுங்கள். ஆஞ்சநேயர் இருக்கும் சின்ன மலைக்கு 406 படிதான், ஆனால் நடந்துதான் ஏற வேண்டும். அம்மா கீழேயே இருந்து கும்பிடட்டும்.

பெரம்பூரில் விடியற்காலை அரக்கோணம் லோக்கலைப் பிடியுங்கள், அங்கிருந்து பஸ். கல் சுடுவதற்குள் ஏறிவிட வேண்டும். அப்புறம் குரங்கு! என் சித்தி கையிலிருந்த துளசி மாலையைப் பறித்து, எதிரிலேயே உட்கார்ந்து இலை இலையாகக் கிள்ளித் தின்றது. மூக்குக்கண்ணாடி பத்திரம். கார்த்திகை ஞாயிறு மட்டும் வேண்டாம். நரசிம்மர் கண் திறக்கும் மாதம், கூட்டம் நெரியும்.