ஸ்கூபி டூவில் குற்றவாளி முன்பே தெரிந்துவிடுகிறதா?
ஸ்கூபி என்ற நாயும் அதன் இளம் நண்பர்களும் மர்மங்களைத் துப்பறியும் இந்தக் கார்ட்டூன் தொடரைப் பார்த்து, ஒன்பது வயது மகள் ஐந்தாவது நிமிடத்திலேயே முகமூடிக்குள் இருப்பவர் யார் என்று சொல்லிவிடுகிறாள், இனிப் பார்க்க மாட்டேன் என்கிறாள் என எழுதியிருக்கிறீர்கள். கெட்டிக்காரப் பெண்! 1969இல் தொடர் தொடங்கிய சமயம், காலைநேரக் கார்ட்டூன்களில் வன்முறை மிகுந்துவிட்டதென்று அமெரிக்கப் பெற்றோர் கொதித்துக்கொண்டிருந்தார்கள். அடிதடி கூடாது, பயம் மட்டும் வேண்டும். அதனால்தான் பேய் வேடமிட்ட மனிதன், துரத்தல், பொறி. சந்தேகப்பட இரண்டு மூன்று பேர்தான் இருப்பார்கள். தொடக்கத்தில் தலைகாட்டிவிட்டுக் காணாமல் போனவரைப் பிடித்தால் வேலை முடிந்தது.

'எ பப் நேம்ட் ஸ்கூபி டூ' (1988) காட்டிப் பாருங்கள். அதே நண்பர்கள் சிறுவர்களாக வரும் தொடர் அது. அதில் குழுவின் சிறுவன் ஃப்ரெட், ரெட் ஹெரிங் (ஆங்கிலத்தில் திசைதிருப்பும் பொய்த் தடயத்தை இப்படிச் சொல்வார்கள்) என்ற பையன்மீதே ஓயாமல் பழி போடுவான். ஒரு நாள் பந்தயத்துக்காக வாயை மூடிக்கொள்கிறான். அன்றைக்குப் பார்த்து குற்றவாளி அந்தப் பையனேதான்! சூத்திரத்தைச் சூத்திரத்தாலேயே கேலி செய்யும் குறும்பு எனக்கு மிகவும் பிடிக்கும்.

2010இல் தொடங்கிய 'மிஸ்டரி இன்கார்ப்பரேட்டட்' என்ற ஸ்கூபி டூ தொடரின் 52 பகுதிகளும் ஒரே மர்மத்தைத் தொடர்பவை. வரிசை மாற்றாமல் பார்க்க வேண்டும். ஆனால் கொஞ்சம் இருண்ட கதை, இரண்டு வருடம் பொறுக்கலாம்.