வேர்டில் எழுத்தைத் தின்னும் இன்சர்ட் கீ

நடுவில் ஒரு வார்த்தை சேர்த்தால் பின்னால் இருப்பது அழிகிறது என்கிறீர்களே, வைரஸ் எல்லாம் இல்லை. பேக்ஸ்பேஸுக்குப் போன கை இன்சர்ட் கீயில் பட்டிருக்கும். அதனால் ஓவர்டைப் மோட், அதாவது புதிதாக அடிக்கும் எழுத்து அடுத்திருக்கும் எழுத்தை அழித்து அதன் இடத்தில் உட்காரும் நிலை, ஆன் ஆகிவிட்டது. இன்னொரு முறை இன்சர்டை அழுத்தினால் சரியாகிவிடும், ஆனால் நாளைக்கு மறுபடி கை படும்.

நிரந்தரமாக நிறுத்த: ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு. எடிட்டிங் ஆப்ஷன்ஸ் பகுதியில் 'யூஸ் தி இன்சர்ட் கீ டு கன்ட்ரோல் ஓவர்டைப் மோட்' என்று இருக்கும். அதிலும், அதன் கீழே உள்ள 'யூஸ் ஓவர்டைப் மோட்' என்பதிலும் டிக்கை எடுத்துவிட்டு ஓகே கொடுங்கள். அதே பகுதியில் 'டைப்பிங் ரீப்ளேசஸ் செலக்டட் டெக்ஸ்ட்' என்றும் ஒன்று உண்டு. அது வேறு விஷயம், அதில் கை வைக்காதீர்கள்.

அப்புறம், கீழே ஸ்டேட்டஸ் பாரில் ரைட் கிளிக் செய்து ஓவர்டைப் என்பதை டிக் செய்தால், எந்த மோடில் இருக்கிறீர்கள் என்று அங்கேயே தெரியும். நான் எல்லா கம்ப்யூட்டரிலும் இதை வைத்துவிடுவேன்.

அழிந்துபோன வரிகளுக்கு, ஃபைலை இன்னும் மூடவில்லை என்றால் கன்ட்ரோல் இசட் அடித்துப் பாருங்கள்.