கேளுங்க அண்ணே: டெர்மினல்ல ஓடுது, எடிட்டர்ல காணோம்

கேள்வி: அண்ணே, ஊரு மண்டபம், பிசிஏ ரெண்டாம் வருஷம். அப்பாவுக்கு நாட்டுப்படகு. ஏலத்துல நண்டு, கணவாய் என்ன விலைக்குப் போச்சு, கமிஷன் போக கையில எவ்வளவுன்னு பைத்தான்ல ஒரு சின்ன கணக்கு எழுதியிருக்கேன். கணவாய் போட்டா ஒழுங்கா ஓடுது, நண்டு போட்டா படுத்துக்குது. ஓட்டாமலே தப்பைச் சொல்ல ஃப்ளேக்8 இருக்குன்னு சீனியர் அக்கா சொன்னாங்க. வென்வ் (இந்த வேலைக்குன்னே தனியா பிரிச்சு வச்ச பைத்தான் ஃபோல்டர்) போட்டு இன்ஸ்டால் பண்ணேன், டெர்மினல்ல ஓடுது. ஆனா ஜியானிங்கற சின்ன எடிட்டர்ல வச்சா 'நாட் ஃபவுண்ட்'ங்குது. பழைய லேப்டாப், உபுண்டு, பெரிய எடிட்டர் எல்லாம் தாங்காது.

பதில்: தங்கச்சி, இந்த 'நாட் ஃபவுண்ட்' என்னையும் ஒரு ராத்திரி முழுக்க உட்கார வச்சிருக்கு, மூணு தடவை அழிச்சு அழிச்சு இன்ஸ்டால் பண்ணேன், தப்பு இன்ஸ்டால்ல இல்லவே இல்ல. ஜியானிக்குள்ள ஃப்ளேக்8 கிடையாது. அது வெளியில இருக்கற தனி புரோகிராம், ஜியானி அதைக் கூப்பிட்டு, அது சொல்றதை வாங்கி உங்களுக்குக் காட்டுது, அவ்வளவுதான். கூப்பிடணும்னா எங்க இருக்குன்னு தெரியணும்ல.

டெர்மினல்ல நீங்க வென்வை ஆக்டிவேட் பண்றப்ப என்ன நடக்குதுன்னா, புரோகிராமை எங்கெங்க தேடணும்னு சொல்ற பாத்ங்கற பட்டியலோட தலைமாட்டுல வென்வோட 'பின்' (bin) ஃபோல்டர் போய் உட்காருது. ஆனா அந்த ஒரு டெர்மினலுக்கு மட்டும்தான். மெனுவுல க்ளிக் பண்ணி திறந்த ஜியானிக்கு அந்த சேதியே போகாது. சந்தேகமா இருந்தா அதே டெர்மினல்ல ஜியானின்னு அடிச்சு திறந்து பாருங்க (முன்னாடி திறந்திருக்கறதை முழுசா மூடிட்டு), உடனே வேலை செய்யும்.

தினமும் அப்படித் திறக்க முடியாதுல்ல, அதனால டெர்மினல்ல விச் ஃப்ளேக்8னு கேளுங்க, ஹோம்ல ஆரம்பிச்சு 'பின்' ஃபோல்டருக்குள்ள இருக்கற ஃப்ளேக்8 வரைக்கும் முழு முகவரியும் வரும், அதை அப்படியே காப்பி பண்ணிக்கோங்க. ஒரு பைத்தான் ஃபைலைத் திறந்து வச்சுக்கிட்டு பில்ட் மெனுவுல செட் பில்ட் கமாண்ட்ஸ் போங்க, லின்ட்னு (ஓட்டாமலே தப்பு தேடறதுக்குப் பேரு) ஒரு வரி இருக்கும், இல்லன்னா காலியா இருக்கறதுல அந்தப் பேரை வைங்க, கமாண்ட் இடத்துல அந்த முகவரியை ஒட்டி, ஒரு இடம் விட்டு, சதவீதக் குறியும் எஃப்-ம் போடுங்க, அதுதான் ஃபைல் பேரு. அதைச் சுத்தி ரெட்டை மேற்கோள் கட்டாயம், இல்லன்னா 'நண்டு கணக்கு'ன்னு நடுவுல இடம் விட்ட ஃபைலை ரெண்டு ஃபைலா நினைச்சுக்கும்.

இப்ப உங்க நண்டுக்கு வருவோம். நீங்க அனுப்புன புரோகிராமைப் பாத்தேன், மேல நண்டு_எடைன்னு வச்சுட்டு பத்து வரி கீழ நண்டு_எடன்னு அடிச்சிருக்கீங்க. (பேரைத் தமிழ்ல வைக்கறதுல தப்பில்ல, பைத்தான் 3 ஏத்துக்கும்.) அந்த வரிக்குப் போனாதான் பைத்தான் அலறும், கணவாய் மட்டும் வந்த நாள்ல அந்தப் பக்கமே போகாது. ஃப்ளேக்8 ஓட்டாமலே மொத்த ஃபைலையும் படிக்கறதால எஃப்821, அப்படி ஒரு பேரே இல்லன்னு சொல்லிரும், கீழ கம்பைலர் பலகையில அந்த வரியைத் தொட்டா நேரா அங்கயே கொண்டுபோய் நிறுத்தும்.

கூடவே ஈ501னு நிறைய கத்தும், பயப்படாதீங்க, வரி 79 எழுத்தைத் தாண்டிருச்சுன்னு அர்த்தம். நமக்கு இதுல ஒரு வில்லங்கம் இருக்கு. 'மொத்தம்' நம்ம கண்ணுக்கு நாலு எழுத்து, பைத்தான் எண்ணுனா ஏழு, ஏன்னா கொம்பையும் காலையும் சேத்து ஒண்ணு, புள்ளி ஒவ்வொண்ணும் ஒண்ணுன்னு தனித்தனியா எண்ணுது. பில்லுல தமிழ் வரி வந்தா 79 எங்க பத்தும்? அந்த ஃபோல்டர்லயே புள்ளியில ஆரம்பிக்கற .ஃப்ளேக்8ங்கற ஃபைல் வச்சு, முதல் வரியில சதுர அடைப்புக்குள்ள ஃப்ளேக்8, அடுத்த வரியில மேக்ஸ்-லைன்-லெங்த் = 120 (நான் இங்க தமிழ்ல எழுதுனாலும் நீங்க அடிக்கறப்ப ஆங்கிலத்துலதான்).

லின்ட்ங்கற பேரு 1978-ல பெல் லேப்ஸ்ல ஸ்டீபன் ஜான்சன் சி மொழிக்காக எழுதுன கருவியோடது, துணியில ஒட்டுற பஞ்சுத் தூசின்னு அர்த்தம். நம்ம ஊர்ல பிறந்திருந்தா வலையில சிக்குற செத்தைன்னு பேரு வச்சிருப்பாங்க.

கேள்வி: அண்ணே, தொண்டியிலேர்ந்து. இதெல்லாம் போட்டா தப்பே வராதா? அதுவே திருத்திக் குடுக்குமா?

பதில்: ஃப்ளேக்8 சொல்லும், திருத்தாது தம்பி. இடைவெளி, வரி உடைக்கறது மாதிரி அலங்காரத்தைச் சரி பண்ண பிளாக்னு தனியா ஒண்ணு இருக்கு. ஆனா ஏலக் கமிஷனை ரெண்டு தடவை கழிச்சிருந்தீங்கன்னா ரெண்டுமே வாயைத் திறக்காது, எழுத்தெல்லாம் சரியாத்தான இருக்கு. அதுக்கு அப்பாவோட பழைய சிட்டை ஒண்ணை எடுத்து, ஒரு நாள் கணக்கை உங்க புரோகிராம்ல போட்டு, ரெண்டும் ஒத்துப்போகுதான்னு பாருங்க.