நாற்காலியின் காலை அறுக்கும் முன்

கேள்வி: ஐயா காலத்து பர்மா தேக்கு நாற்காலிகள் ஆறு இருக்கின்றன. பிரம்பு ஆசனம், முதுகில் பூவேலை. சாப்பாட்டு மேசைக்குப் போட்டால் அரைமணி நேரம் உட்கார முடியவில்லை. 78 வயது அப்பச்சிக்குத் தொடை மரத்துப் போகிறது. காலை இரண்டு அங்குலம் அறுத்துவிடலாம் என்கிறார் ஆசாரி. செய்யலாமா, இல்லை புதிதாகச் செய்வதா? – வாசகி, காரைக்குடி

பதில்: அறுக்க வேண்டாம். ஆசனம் தாழ்ந்தால் அப்பச்சி எழுந்திருக்கத்தான் சிரமப்படுவார். பிறகு விற்க நினைத்தாலும் பழம்பொருள் கடைகள் உள்ள முனீஸ்வரன் கோவில் தெருவில் காலறுத்த நாற்காலிக்கு விலை படியாது.

முதலில் டேப்பை எடுங்கள். தரையிலிருந்து ஆசனம் 17–18 அங்குலம் இருந்தால் சரி. மேசைப் பலகைக்கும் ஆசனத்துக்கும் 11–12 அங்குல இடைவெளி வேண்டும். ஆசனம் 19, 20 என்று இருந்தால் உட்காருபவர் பாதத்துக்கடியில் இரண்டு அங்குலப் பலகை போதும்.

அடுத்து, முன்சட்டத்திலிருந்து பின்சட்டத்துக்கு ஒரு நேர்குச்சியை வைத்து, நடுவில் பிரம்பு எவ்வளவு தொய்ந்திருக்கிறது என்று பாருங்கள். ஓர் அங்குலத்துக்கு மேல் என்றால் குற்றவாளி அதுதான். இடுப்பு குழிக்குள் இறங்கும். முன்சட்டம் தொடைக்கடியில் அழுத்தும். கால் மரத்துப் போகும். புதுப் பிரம்பை 15–20 நிமிடம் தண்ணீரில் ஊறவைத்து ஈரத்தோடு பின்னவேண்டும். காயும்போது தானே இறுகும். பின்னிய பிறகு ஒருநாள் முழுக்க யாரும் அதில் உட்காரக் கூடாது. மலிவு என்று பிளாஸ்டிக் ஒயருக்குப் போகாதீர்கள், அது இப்படி இறுகாது. சில மாதங்களுக்கு ஒருமுறை ஆசனத்தின் அடிப்பக்கத்தை ஈரத்துணியால் துடையுங்கள். பிரம்பின் மேல்தோல் தண்ணீரை உறிஞ்சாது, அடிப்பக்கம்தான் உறிஞ்சும்.

இனி பூவேலை. செதுக்கு வேலை எங்கே இருக்கிறது என்பதே கேள்வி. மேல்சட்டத்தில் இருந்தால் யாரையும் குத்தாது. ஆசனத்திலிருந்து 6–9 அங்குல உயரத்தில், இடுப்பு வளைவில் புடைத்திருந்தால் சாப்பிட்டு முடிப்பதற்குள் வலிக்கும். அங்கே இரண்டு அங்குல இலவம்பஞ்சுத் திண்டு கட்டுங்கள். அதிக ஆழமான ஆசனத்தையும் அதுவே சரிக்கட்டிவிடும்.

நாற்காலி ஆடுகிறதா? பின்காலும் பக்கச்சட்டமும் சேரும் இடத்தைப் பாருங்கள். சாயும்போது பாரம் பெரும்பாலும் அங்கேதான் விழும். ஆணி அடித்தால் கழுந்து (துளைக்குள் செருகிய மரமுனை) பிளக்கும். பழைய வஜ்ஜிரப் பசையை வெந்நீர்த் துணியால் இளக்கி, மரம் தெரியச் சுரண்டி, காயவைத்த பிறகே புதுப்பசை. பழசின் மேலேயே பூசினால் பிடிக்காது. 24 மணி நேரம் கிளாம்பில் இருக்கட்டும்.

புதிதாகத்தான் வேண்டும் என்றால், அலங்காரத்தைச் சுத்தமாக ஒழிக்கவேண்டியதில்லை. 1859-ல் தோனெட் என்ற மரச்சாமான் நிறுவனம் கொண்டுவந்த 14-ஆம் எண் நாற்காலியில் வளைத்த மரத்துண்டுகள் ஆறுதான்; பத்து திருகாணி, இரண்டு நட்டு. செதுக்கு வேலை கிடையாது. முதுகைத் தாங்கும் வளைவே அதற்கு அழகு. உங்கள் ஆசாரியிடம் அப்பச்சிக்குக் கைப்பிடி வைத்ததாகக் கேளுங்கள்: ஆசனம் 18 அங்குல உயரம், 16–17 ஆழம், பின்பக்கம் அரை அங்குலச் சரிவு, கைப்பிடி ஆசனத்துக்கு மேல் 8–9. முன்சட்டத்தின் மேல்விளிம்பை உருட்டச் சொல்ல மறக்காதீர்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை என்றால் நாற்காலியின் காலடியில் கம்பளித் துண்டு ஒட்டுங்கள். இல்லாவிட்டால் இழுத்து இழுத்துக் கல்லில் கோடு விழும்.

ஆறையும் ஒரேயடியாகச் சொல்லிவிடாதீர்கள். ஒன்றைச் செய்து, அப்பச்சியைச் சாப்பாடு முடிந்து வெற்றிலை போடும்வரை உட்காரவைத்துப் பாருங்கள். மிச்சம் ஐந்தை அப்புறம் சொல்லலாம்.