அரிசி மூட்டைக்காக 14 வருட டாக்டரை விட வேண்டாம்

கேள்வி: டாக்டர், என் அம்மாவுக்கு 68 வயது. சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் உண்டு. சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருக்கும் கிளினிக்கில் 14 வருடமாக ஒரே டாக்டரிடம்தான் பார்க்கிறார். போன மாதம் பக்கத்து புளோக்கின் கீழ்த்தளத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தவர்கள், இலவசமாகச் சர்க்கரை பார்க்கிறோம் என்று அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவருடைய கைப்பேசியை வாங்கி, வேறு ஒரு கிளினிக்கின் பெயரில் ஹெல்தியர் எஸ்ஜியில் (ஒரே கிளினிக்கில் பதிந்துகொள்ளும் அரசாங்கச் சுகாதாரத் திட்டம்) பதிந்துவிட்டார்கள். ஐந்து கிலோ அரிசி கொடுத்தார்கள். இப்போது பழைய கிளினிக்கில், மருந்துக்குச் சலுகை விலை உங்களுக்கு இங்கே கிடையாது என்கிறார்கள். போன தடவை பில் 118 வெள்ளி (டாலர்). டாக்டர் பார்த்தது மூன்று நிமிடம். பேசாமல் அரசாங்கப் பலதுறை மருந்தகத்துக்கே (பாலிகிளினிக்) மாற்றிவிடலாமா?
– ஈசூன் வாசகி

பதில்: முதலில் பதறாதீர்கள். பதிந்த கிளினிக்கை மாற்றிக்கொள்ளலாம். அடிக்கடி மாற்ற முடியாது, அதற்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். ஆனால் ஒரு தடவை தவறிப் போய்விட்டது என்பதற்காக உங்கள் அம்மா அங்கேயே மாட்டிக்கொள்ளவில்லை. பழைய கிளினிக்குக்கு ஒரு போன் போடுங்கள். நீங்கள் ஹெல்தியர் எஸ்ஜி கிளினிக்தானா, இன்னும் ஆள் சேர்க்கிறீர்களா என்று கேளுங்கள். ஆம் என்றால், அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, அவருடைய சிங்பாஸ் (அரசாங்கச் சேவைகளுக்கான மின் அடையாளம்) வழியாக ஹெல்த்ஹப் சுகாதாரச் செயலியில் நுழைந்து மாற்றிவிடுங்கள். பத்து நிமிட வேலை.

மாற்றும்வரை பழைய டாக்டரிடம் போகக்கூடாது என்றும் எதுவும் இல்லை. ஹெல்தியர் எஸ்ஜியில் எங்கே பதிந்திருந்தாலும் எந்தக் கிளினிக்குக்கும் போகலாம். அம்மாவிடம் மூத்த தலைமுறைக்கான மெர்டேக்கா அட்டையோ, தனியார் கிளினிக்கில் கட்டணத்தைக் குறைக்கும் சாஸ் அட்டையோ இருந்தால், சாஸ் கிளினிக் எல்லாவற்றிலும் அந்தச் சலுகை வழக்கம்போலக் கிடைக்கும். பதிந்த கிளினிக்கில் மட்டும் கிடைப்பது வேறு. 2024 பிப்ரவரியில் கொண்டுவந்த நாட்பட்ட நோய்ச் சலுகை அது. பட்டியலில் உள்ள மருந்துகள் பலதுறை மருந்தகத்தின் விலைக்கு ஒப்பான விலையில் கிடைக்கும். கவுன்டரில் உங்களிடம் இதைத்தான் சொல்லியிருக்கிறார்கள், அரைகுறையாக.

அந்த மேசைக்காரர்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2023 ஜூலையில் இந்தத் திட்டம் தொடங்கியதிலிருந்து, யாரோ பதிந்துகொடுத்தார்கள், எங்கே என்று தெரியவில்லை என்று என்னிடம் வந்த பெரியவர்கள் நிறையப் பேர். அரசாங்கம் கொடுக்கும் ஊக்கத்தொகை, முதல் தடவை டாக்டரோடு உட்கார்ந்து ஆரோக்கியத் திட்டம் பேசி முடித்ததும் வருவது. 3,000 புள்ளிகள், அதாவது 20 வெள்ளி மதிப்பு. எந்தக் கிளினிக்கில் பதிந்தாலும் அதே தொகைதான். அந்த முதல் சந்திப்புக்கும் கட்டணம் இல்லை. அப்படியானால் அரிசியை யார் கொடுத்தார்கள், எதற்காக? சில இடங்களில் கிளினிக்குக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிறார்கள். சில இடங்களில் விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துவிட்டு, பெயரையும் தொலைபேசி எண்ணையும் வாங்கி, அடுத்த வாரம் காப்பீடு விற்கக் கூப்பிடுகிறார்கள். சமூக மன்றத்தில் முறையாக உதவி செய்யும் ஆட்களும் உண்டு. அவர்கள் அம்மா எந்த டாக்டரிடம் வழக்கமாகப் போகிறார் என்றுதான் முதலில் கேட்பார்கள்.

இனி யார் கேட்டாலும் திறந்த கைப்பேசியை நீட்டக்கூடாது என்று அம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள். சிங்பாஸ் மறைச்சொல்லை அன்று யாரிடமாவது சொன்னாரா என்று இன்றைக்கே கேளுங்கள். சொல்லியிருந்தால் உடனே மாற்றுங்கள். அந்தச் சிங்பாஸில்தான் ஓய்வுகாலச் சேமிப்பான மத்திய சேமநிதிக் கணக்கும் இருக்கிறது.

இப்போது பில். 118 வெள்ளி அதிகமா, நியாயமா என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. ஏனென்றால் உங்களிடம் இருப்பது மொத்தத் தொகை மட்டும். டாக்டர் கட்டணம் எவ்வளவு, ஒவ்வொரு மருந்தும் எவ்வளவு, ரத்தப் பரிசோதனை எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். கூச்சமே வேண்டாம், அது உங்கள் உரிமை. மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே மருந்துக்கடையில் வாங்கிக்கொள்கிறேன் என்றும் சொல்லலாம். நல்ல டாக்டர் இதற்கு முகம் சுளிக்க மாட்டார்.

பதிவைப் பழைய கிளினிக்குக்கு மாற்றிய பிறகு ஒரு விஷயத்தை நிதானமாகப் பாருங்கள். புதிய சலுகை எல்லோருக்கும் லாபம் இல்லை. பழைய சாஸ் நாட்பட்ட நோய்ச் சலுகை, ஒரு தடவைக்கு இத்தனை வெள்ளிவரை, வருடத்துக்கு இத்தனை வெள்ளிவரை என்று கழிப்பது. புதியது, பட்டியல் மருந்தின் விலையில் இத்தனை விழுக்காடு என்று கழிப்பது. அம்மா நான்கைந்து மருந்து சாப்பிடுகிறவர், எல்லாம் பட்டியலில் இருக்கின்றன என்றால் புதியதுதான் கைகொடுக்கும். ஒன்றிரண்டு மலிவான மாத்திரை மட்டும் என்றால், பழைய சாஸ் கழிவிலேயே பில் பெரும்பாலும் அடைந்துவிடும், புதிய சலுகைக்கு மாறத் தேவையில்லை. நான்கு மருந்தில் இரண்டு பட்டியலில் இல்லாத பிராண்டு மருந்து என்றால், முதலில் டாக்டரிடம் இதற்குப் பதிலாகப் பட்டியலில் உள்ளதைத் தர முடியுமா என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் முடியும். முடியாத இடத்தில் ஏன் என்று அவர் சொல்வார். அதன் பிறகு, இரண்டு கணக்கையும் போட்டுக் காட்டுங்கள் என்று கவுன்டரில் கேளுங்கள். இன்னொன்று: மெடிசேவில் (மருத்துவச் செலவுக்கான சேமிப்புக் கணக்கு) கட்டும்போது வழக்கமாக 15 விழுக்காட்டை ரொக்கமாகக் கொடுப்பீர்கள் அல்லவா, பதிந்த கிளினிக்கில் நாட்பட்ட நோய்க்கு அது இல்லை.

சாஸ், மெர்டேக்கா, மெடிசேவ், ஹெல்தியர் எஸ்ஜி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு விதி. கவுன்டரில் நிற்கும் பிள்ளைக்கே தலை சுற்றுகிறது. 68 வயது அம்மாவுக்குக் குறுஞ்செய்தி அனுப்பிவிட்டால் விளக்கியாகிவிட்டது என்று நினைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. தமிழில் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல ஒருவர் இருந்திருந்தால், அரிசி மூட்டையோடு வந்தவருக்கு அங்கே வேலையே இருந்திருக்காது.

மூன்று நிமிடம் என்ற வருத்தம் எனக்குப் புரிகிறது. எந்த நாள் போனீர்கள்? திங்கட்கிழமை காலை என்றால், எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று) வாங்க வந்தவர்கள் வாசல்வரை நிற்கும் நேரம் அது. சர்க்கரைக்கு வரும் நாளில் எண் எடுத்து உட்காராமல், முன்பே அழைத்து, சர்க்கரைப் பரிசோதனைக்கு வருகிறோம், கொஞ்சம் பேச வேண்டும் என்று நேரம் வாங்குங்கள். செவ்வாய், புதன் மதியம் போய்ப் பாருங்கள். அப்போதும் மூன்று நிமிடம்தான் என்றால், மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி கடைசியாக எவ்வளவு, இந்த வருடம் கண்ணும் காலும் பார்த்தாகிவிட்டதா, சிறுநீரில் புரதம் பார்த்தார்களா என்று கேளுங்கள். அதற்கும் பதில் வராத டாக்டரை மாற்றலாம், நானே சொல்கிறேன்.

பலதுறை மருந்தகம் மோசம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அங்கே ஒவ்வொரு தடவையும் அதே டாக்டர் கிடைப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. பழகிய டாக்டருக்கு என்ன மதிப்பு என்று கேட்டால் இதைச் சொல்வேன். என்னிடம் வெகுகாலமாக வரும் ஓர் அம்மா, ஒரு நாள் இரண்டு கணுக்காலும் வீங்கி வந்தார். செருப்பு வார் பதிந்த இடம் பள்ளமாக இருந்தது. இதயமோ சிறுநீரகமோ என்று மகனுக்கு முகம் வெளுத்துவிட்டது. அவர் அப்போதுதான் ஊருக்குப் போய்த் திரும்பியிருந்தார் என்பது எனக்குத் தெரியும், அதனால் கைப்பையைக் கவிழ்க்கச் சொன்னேன். எங்கள் கிளினிக் உறையில் ரத்தக் கொதிப்பு மருந்தான அம்லோடிபின். அதன் அடியில் திருச்சி மருந்துக்கடையில் வாங்கிய அட்டையில் அம்லாங். பெயர்தான் வேறு, இரண்டும் ஒரே மருந்து. ஒன்றைக் காலையிலும் மற்றதை ராத்திரியிலும் போட்டிருக்கிறார். இந்த மருந்தின் அளவு கூடினால் கால் வீங்கும். இதயம், சிறுநீரகம் இரண்டையும் சோதித்துப் பார்த்தோம், கோளாறு இல்லை. ஊர் மாத்திரையை நிறுத்தியதும் வீக்கம் மெல்ல வடிந்தது.

உங்கள் அம்மாவும் ஊரிலிருந்தோ ஜோகூரிலிருந்தோ மாத்திரை வாங்கி வைத்திருக்கக்கூடும். கிளைகோமெட், மெட்ஃபார்மின் என்று சர்க்கரை மாத்திரையில் இரண்டு பெயர் கண்ணில் பட்டால் இரண்டும் ஒன்றுதான். எதையும் நீங்களாக நிறுத்தவோ சேர்க்கவோ வேண்டாம். அலமாரி, குளிர்பெட்டி, கைப்பை எல்லாவற்றிலும் இருப்பதை ஒரே பையில் போட்டு, அடுத்த தடவை அந்தப் பழைய டாக்டரின் மேசையில் கொட்டச் சொல்லுங்கள். பிரித்த பில்லையும் அன்றைக்கே கேட்டு வாங்கிவிடுங்கள்.