சிறு வயதில் பட்ட கஷ்டம் நல்ல மேலாளரை உருவாக்குமா?

திருப்பூரில் ஏற்றுமதி பனியன் நிறுவனம் ஒன்றில் அண்மையில் உற்பத்தி மேலாளராகப் பொறுப்பேற்ற வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். 13 வயதில் தந்தையை இழந்து, தாயுடன் சேர்ந்து இரண்டு தங்கைகளைக் கரையேற்றியவர். கைமடிக்கும் வேலையில் தொடங்கிப் படிப்படியாக மேலே வந்தவர். "கஷ்டப்பட்டு வளர்ந்தவர்கள் நல்ல தலைவர்கள் ஆவார்கள் என்று மேடைதோறும் சொல்கிறார்கள். என்னிடமோ சூப்பர்வைசர்கள் ஆறு மாதத்துக்கு மேல் நிற்பதில்லை. என் அனுபவத்தை எப்படிப் பயன்படுத்திக்கொள்வது?" என்று கேட்கிறார். ஷிப்மெண்டுக்கு முந்தைய இரவு, செக்கிங் முடிந்து பேக் செய்த பீஸ்களைத் தாமே மறுபடி பிரித்துப் பார்ப்பதாகவும் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறார். என் பார்வையில் கடிதத்தின் முக்கியமான வரி அதுதான்.

கஷ்டம் தானாக யாருக்கும் எதையும் கற்றுக்கொடுப்பதில்லை. நெருக்கடியில் அகப்பட்ட பிள்ளை தனக்கென்று ஒரு சட்டம் போட்டுக்கொள்கிறது. 'நான் பார்க்காவிட்டால் எல்லாம் கவிழ்ந்துவிடும்' என்பது உங்கள் சட்டமாக இருந்திருக்க வேண்டும். கடன்காரர் வாசலில் நின்ற நாட்களில் அது உங்கள் வீட்டைக் காப்பாற்றியது. நூற்றுக்கணக்கானோர் வேலை செய்யும் தளத்தில் அதே சட்டம், உங்களுக்குக் கீழே இருப்பவர்களிடம் 'உங்களை நம்பவில்லை' என்று இரவுதோறும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

காமராசரை நினைத்துப் பாருங்கள். ஆறு வயதில் தந்தையை இழந்து, பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு, விருதுநகரில் மாமாவின் துணிக்கடையில் நின்றவர் அவர். 'நான் படிக்காமலே வந்துவிட்டேனே' என்று பேசும் மனிதராக அவர் மாறியிருக்கலாம். அப்படி மாறியவர்களை நம் ஊர்களில் நிறையப் பார்த்திருக்கிறோம். அவரோ 1954இல் முதலமைச்சரானதும், முந்தைய ஆண்டு வந்த அரைநாள் பள்ளித் திட்டத்தைக் கைவிட்டார். 1956இல் பள்ளிகளில் மதிய உணவைத் தொடங்கினார். உங்களுக்கு நான் சுட்டிக்காட்ட விரும்புவது இதற்கு அடுத்த செய்தியை. தம் வாழ்க்கையில் ஆழமாக வலித்த அந்தக் கல்வித் துறையை அவர் கையிலேயே பிடித்து வைத்துக்கொள்ளவில்லை. சட்டமன்றக் கட்சித் தலைமைக்குத் தம்மை எதிர்த்துப் போட்டியிட்ட சி. சுப்பிரமணியத்தையே அமைச்சரவையில் சேர்த்து, அவரிடமே கல்வியையும் விட்டுவைத்தார். நடைமுறை வேலையைப் பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று செய்தார். எது முக்கியம் என்பதை இளமை அவருக்குச் சொல்லியிருக்கலாம். அந்த வேலையை யார் செய்ய வேண்டும் என்பதை அவர் ஆட்களைப் பார்த்து முடிவு செய்தார்.

நீங்கள் பழைய காலத்திலிருந்து தொடங்காமல் போன மாதத்திலிருந்து தொடங்குங்கள். பிறர் வேலையில் நீங்களே கைவைத்த மூன்று சந்தர்ப்பங்களை எழுதி, ஒவ்வொன்றிலும் எதற்குப் பயந்தீர்கள், அந்தப் பயம் முதன்முதலில் எப்போது வந்தது என்றும் எழுதுங்கள். எழுதியதில் சில, விடக்கூடாத திறமைகளாக இருக்கும். சம்பளத்துக்கு முந்தைய வாரம் எந்த டெய்லர் மதியச் சாப்பாட்டைத் தவிர்க்கிறார் என்பது உங்கள் கண்ணில் படும். வசதியாக வளர்ந்தவர் கண்ணில் அது எளிதில் படாது. அந்தக் கண்ணை வைத்துக்கொள்ளுங்கள், இரவுச் சோதனையை மட்டும் விடுங்கள்.

விடுவதற்கு வழி உங்கள் தொழிலிலேயே இருக்கிறது. 1,201 முதல் 3,200 பீஸ் வரையுள்ள லாட்டுக்கு, அதாவது ஒரே தொகுதியாகச் சோதனைக்கு வரும் சரக்குக்கு, ஏ.க்யூ.எல். (குறைகளை எவ்வளவு வரை ஏற்கலாம் என்ற வரம்பு) 2.5 அளவில் வழக்கமான இரண்டாம் நிலைச் சோதனை என்றால் 125 பீஸ்தான் எடுப்பார்கள். அதில் 7 குறை வரை லாட் தேறும், 8 ஆனால் திரும்பும். காசு கொடுக்கும் பையரே 125 பீஸை நம்பும்போது, நீங்கள் ஏன் விடிய விடியப் பெட்டிகளைப் பிரிக்க வேண்டும்? அடுத்து வரும் சிறிய ஆர்டர் ஒன்றின் இறுதிச் சோதனையை ஒரு சூப்பர்வைசரிடம் முழுமையாக ஒப்படையுங்கள். எந்தக் கட்டத்தில், எந்த நேரத்தில் அவர் உங்களிடம் எண்ணிக்கை சொல்ல வேண்டும் என்பதை முதல் நாளே பேசி முடித்துவிட்டு, இடையில் போகாமல் இருங்கள். முதல் ஆர்டரில் உங்களுக்குத் தூக்கம் வராது. அதற்காகத்தான் சிறிய ஆர்டர் என்றேன்.

உங்கள் கதையை ஊழியர்களிடம் சொல்லலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். 'உங்கள் வயதில் நான்' என்று தொடங்குமானால் வேண்டாம். அது கேட்பவரை அளக்கும் கோலாகிவிடும். நீங்கள் இரவில் வந்து பிரித்துப் பார்ப்பது அவர்கள் மீதுள்ள சந்தேகத்தால் அல்ல, சிறு வயதில் ஒட்டிக்கொண்ட பழக்கம், இந்த ஆர்டரிலிருந்து அதை நிறுத்தப் பார்க்கிறீர்கள் என்று சொல்வதற்காக என்றால், ஒருமுறை, சுருக்கமாகச் சொல்லுங்கள்.

அதற்கு முன் தாயாரிடமும் தங்கைகளிடமும் அந்த ஆண்டுகளைப் பற்றி உட்கார்ந்து கேளுங்கள். எல்லாவற்றையும் தனியாகச் சுமந்ததாக உங்களுக்கு நினைவிருக்கும். அரிசிக்குக் கணக்கு எழுதிக்கொடுத்த மளிகைக்கடைக்காரர், பள்ளிக்கட்டணம் கட்டிய பக்கத்து வீட்டு அக்கா என்று நீங்கள் மறந்துபோன சிலர் அவர்கள் நினைவில் இருக்கக்கூடும்.